மெல்டன் மோப்ரே: ஒரு சந்தை நகரத்தின் பெயரை யார் எழுதலாம்?

பிரிட்டனோடு எந்த நாடு வர்த்தக உடன்படிக்கை பேசினாலும், செய்தியின் ஓர் ஓரத்தில் உணவுப் பெயர்களின் பட்டியல் ஒன்று வந்துவிடுகிறது. ஸ்காட்ச் விஸ்கி என்றால் நமக்குப் புரிகிறது. ஆனால் "மெல்டன் மோப்ரே போர்க் பை" என்று படித்தால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது ஓர் ஊரா, ஒரு குடும்பத்தின் பெயரா, ஒரு கம்பெனியா, ஒரு சமையல் முறையா? போதாக்குறைக்கு, 2022 செப்டம்பரில் "வேல் ஆஃப் மோப்ரே" என்ற பெயரில் போர்க் பை, அதாவது பன்றிக்கறி அடைத்த மாவுப் பண்டம், செய்துவந்த நிறுவனம் ஒன்று கடனில் சிக்கி உற்பத்தியை நிறுத்தியது. பெயரில் பாதி ஒன்றுதான், பண்டமும் ஒன்றுதான், ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை.

இந்தப் பெயர் எப்படி உருவானது, எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது, கடைசியில் அதை யார் எழுதலாம் என்று ஏன் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஊர்ப் பெயர் என்பது ஓர் இடத்தை மட்டும்தான் குறிக்குமா, அல்லது அந்த இடத்தில் ஒரு காரியத்தைச் செய்யும் முறையையும் குறிக்குமா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி.

முதலில், சந்தை நகரம் என்றால் என்ன?

இங்கிலாந்தில் "சந்தை நகரம்" என்பது வெறும் வருணனை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு சட்ட உரிமை இருந்தது. இடைக்காலத்தில் ஓர் ஊரில் வாரச் சந்தை கூட்ட வேண்டுமானால், அந்த நிலத்தின் பிரபு மன்னரிடமிருந்து சாசனம் பெற வேண்டும், அல்லது நினைவுக்கு எட்டாத காலம் முதல் அங்கே சந்தை நடந்துவருகிறது என்று காட்ட வேண்டும். சந்தை என்றால் சுங்கம், கடை வாடகை, தகராறு தீர்க்கும் உரிமை எல்லாம் சேர்ந்து வரும். அதனால் பக்கத்து ஊரில் புதிதாக ஒரு சந்தை முளைத்தால் பழைய ஊருக்கு நேரடி நஷ்டம்.

இதற்காகவே ஒரு தூர விதி இருந்தது. பிராக்டன் என்ற 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞரின் பெயரில் வழங்கும் சட்டநூல், ஒரு சந்தையிலிருந்து ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள், சரியாகச் சொன்னால் 6 மைலும் மூன்றில் இரண்டு பங்கும், இன்னொரு சந்தை வந்தால் அது பழைய சந்தைக்குத் தொல்லை என்கிறது. கணக்கு எளிது. ஒரு மனிதர் ஒரு நாளில் 20 மைல் நடக்கலாம். அந்த நாளை மூன்றாகப் பிரித்து, போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு.

இந்த உரிமைக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால்தான் பல ஊர்கள் அதைத் தங்கள் பெயரிலேயே சேர்த்துக்கொண்டன. மார்க்கெட் ஹார்பரோ, மார்க்கெட் ரேசன், மார்க்கெட் டிரேட்டன் எல்லாம் அப்படித்தான். சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் கேம்டன் போன்ற பெயர்களில் வரும் "சிப்பிங்" என்பதும் பழைய ஆங்கிலத்தில் சந்தையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே. மார்க்கெட் டிரேட்டனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வழக்கில் வருகிறது.

மெல்டன் மோப்ரேயின் பெயரில் "மார்க்கெட்" இல்லை. ஆனால் சந்தை பழையது. வில்லியம் மன்னர் 1086-ல் எடுத்த நாடளாவிய நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டிலேயே அந்த ஊரின் சந்தை பதிவாகியிருக்கிறது. இன்றும் செவ்வாய்க்கிழமை அங்கே சந்தை நாள், கால்நடைச் சந்தையும் உண்டு.

பெயரின் முதல் பாதி: மெல்டன்

லெஸ்டர்‌ஷயர் மாவட்டத்தில், லெஸ்டர் நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 15 மைல் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். மக்கள்தொகை 27,000 அளவில். டூம்ஸ்டே ஏட்டில் "மெடெல்டோன்" என்று எழுதியிருக்கிறார்கள். "நடுவில் உள்ள குடியிருப்பு" என்று பொருள். சுற்றிலும் சிற்றூர்கள், நடுவே இது.

பழைய ஆங்கிலத்தில் "நடு" என்பதற்கு "மிடில்" என்ற ஒலிதான் இருந்தது. அதனால்தான் இங்கிலாந்து முழுக்க மிடில்டன் என்ற ஊர்கள் நிறைய. அப்படியானால் இங்கே மட்டும் ஏன் "மெல்"? 9-ஆம் நூற்றாண்டில் டேனிஷ்காரர்கள் இந்தப் பகுதியில் குடியேறினார்கள். அவர்கள் மொழியில் நடு என்பது "மெதல்". பழைய ஊர்ப் பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி அவர்கள் உச்சரிக்க, அது மெல்டன் ஆகிவிட்டது. பக்கத்து ஊர்களின் பெயர்களைப் பார்த்தாலே அவர்கள் எவ்வளவு நெருக்கமாகக் குடியேறினார்கள் என்று தெரியும். ஆஸ்ஃபர்ட்பி, ஃபிரிஸ்பி, சாக்ஸ்பி, புரூக்ஸ்பி, கிரேட் டால்பி. இந்த "பி" டேனிஷ் மொழியில் ஊர் அல்லது பண்ணை. ஊர் வழியாக ஓடும் ஆற்றுக்குக்கூட இரண்டு பெயர். மெல்டனுக்கு மேலே அது ஐ, கீழே போனால் ரீக்.

நடுவில் இருக்கும் ஊர்கள் எங்கும் உண்டு என்பதுதான் இந்தப் பெயரில் உள்ள சிக்கல். சஃபோக்கில் ஒரு மெல்டன், நார்ஃபோக்கில் மெல்டன் கான்ஸ்டபிள், லிங்கன்‌ஷயரில் மெல்டன் ராஸ். ஆக, எந்த மெல்டன் என்று சொல்ல இரண்டாவது பெயர் தேவைப்பட்டது.

இரண்டாவது பாதி: மோப்ரே

1066-ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நிலங்கள் புதிய பிரபுக்களின் கைக்குப் போயின. ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரித்துச் சொல்ல அந்தப் பிரபுக் குடும்பத்தின் பெயரைப் பின்னால் ஒட்டுவது வழக்கமானது. ஆஷ்பி-டி-லா-சூஷ், பக்கத்துப் பக்கத்தில் கிப்வொர்த் பீச்சம், கிப்வொர்த் ஹார்கோர்ட் எல்லாம் இந்த வகை.

மோப்ரேயின் மூலம் பிரான்சில், நார்மண்டியில் உள்ள மோன்ப்ரே என்ற கிராமம். அங்கிருந்து வந்தவர்தான் வில்லியம் மன்னரின் நெருங்கிய ஆளான ஜெஃப்ரி என்ற ஆயர். அவருடைய உறவினர் ராபர்ட் டி மோப்ரே, நார்தம்ப்ரியாவின் பிரபு, 1095-ல் மன்னருக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றார். நிலங்கள் பறிபோயின. பின்னர் முதலாம் ஹென்றி மன்னர் நைஜல் டோபினி என்ற தன் விசுவாசிக்கு நிறைய நிலம் கொடுத்தார். அதில் மெல்டனும் வந்தது, நார்மண்டியின் மோன்ப்ரேயும் வந்தது. நைஜலின் மகன் ரோஜர், மன்னர் உத்தரவின்படி, மோப்ரே என்ற பெயரை எடுத்துக்கொண்டார்.

இதை நான் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெல்டனுக்குப் பெயர் கொடுத்த மோப்ரே குடும்பமே அந்தப் பெயரைப் பிறப்பால் பெறவில்லை. நிலத்தோடு சேர்த்துப் பெற்றது. ஒரு கிராமத்தின் பெயர் குடும்பப் பெயராகி, கடல் தாண்டி, அந்தக் குடும்பமும் மாறி, கடைசியில் இன்னோர் ஊரின் வாலாக ஒட்டிக்கொண்டது. அதே குடும்பத்தின் நிலங்கள் வடக்கே யார்க்‌ஷயரிலும் இருந்தன. அந்தப் பள்ளத்தாக்குக்கு வேல் ஆஃப் மோப்ரே என்று பெயர். 2022-ல் மூடிய போர்க் பை நிறுவனம் அங்கே, லீமிங் பார் என்ற இடத்தில் இருந்தது. ஆக, அந்த நிறுவனம் மெல்டனின் பெயரைக் கடன் வாங்கவில்லை. இரண்டு பெயர்களும் ஒரே குடும்பத்திடமிருந்து தனித்தனியாக வந்தவை.

மோப்ரே குடும்பம் பின்னாளில் நார்ஃபோக் கோமகன் பட்டம் வரை உயர்ந்தது. 1397-ல் அந்தப் பட்டம் பெற்ற தாமஸ் மோப்ரே மறு ஆண்டே நாடு கடத்தப்பட்டு, 1399-ல் வெனிசில் இறந்தார். குடும்பத்தின் ஆண் வழி 15-ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது. பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

அன்றாடப் பேச்சில் உள்ளூர்க்காரர்கள் முழுப் பெயரைச் சொல்வது குறைவு. "மெல்டன்" என்றாலே போதும். 1974-ல் உள்ளாட்சி மறுசீரமைப்பு வந்தபோது, நகரத்தையும் சுற்றியிருந்த கிராமப் பகுதியையும் இணைத்து உருவாக்கிய நிர்வாக வட்டாரத்துக்கு "மெல்டன்" என்று மட்டுமே பெயர் வைத்தார்கள். எனவே செய்தியில் "மெல்டன் கவுன்சில்" என்று வந்தால் அது அந்த வட்டாரம் முழுவதையும் குறிக்கும். "மெல்டன் மோப்ரே" என்று வந்தால் நகரம்.

பெயர் ஊரைவிட்டு வெளியேறிய விதம்

19-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் இங்கிலாந்தின் நரி வேட்டைத் தலைநகரம் என்று சொல்லலாம். குவார்ன், பெல்வாய், காட்ஸ்மோர் ஆகிய மூன்று பெரிய வேட்டைக் குழுக்களின் எல்லைகளும் இதன் அருகே சந்தித்தன. பெல்வாய் என்று எழுதினாலும் ஆங்கிலேயர்கள் அதைப் "பீவர்" என்றுதான் சொல்வார்கள். பணக்காரர்கள் குளிர்காலம் முழுக்க இங்கே வீடு எடுத்துத் தங்கி, வாரத்தில் பல நாள் வேட்டைக்குப் போனார்கள். அவர்களை "மெல்டோனியன்" என்றே அழைத்தார்கள். பின்னாளில் அது காலணிப் பாலிஷ் ஒன்றின் வணிகப் பெயராகவும் ஆனது.

அவர்கள் அணிந்த கனமான கம்பளிக் கோட்டுத் துணிக்கு "மெல்டன்" என்று பெயர் வந்தது. நெய்த பிறகு நன்றாக இறுக்கி, மேல்பரப்பைச் சீராகக் கத்தரித்து, நெசவே தெரியாத அளவுக்கு அடர்த்தியாக்கிய துணி. காற்றும் மழையும் எளிதில் உள்ளே வராது. இன்று கடற்படைக் கோட்டிலிருந்து பள்ளி மாணவர்களின் கோட்டு வரை, எந்த நாட்டு ஆலையில் செய்தாலும் அதை மெல்டன் என்றுதான் சொல்கிறார்கள். ஊருக்கும் துணிக்கும் இப்போது எந்தச் சட்டத் தொடர்பும் இல்லை. பெயர் முற்றிலும் பொதுச் சொல்லாகிவிட்டது.

ஆனால் அதே ஊரிலிருந்து அதே காலத்தில் வெளியே போன இன்னொரு பண்டத்துக்கு இந்தக் கதி நேரவில்லை.

போர்க் பை: என்ன அது, ஏன் அங்கே?

கொழுப்பும் கொதிநீரும் சேர்த்துப் பிசைந்த கெட்டி மாவை உருளைக் கிண்ணம்போலக் கையால் எழுப்பி, உள்ளே நறுக்கிய பன்றிக்கறியை வைத்து, மேலே மாவு மூடி போட்டு வேக வைப்பது. வெந்து ஆறியதும், மூடியில் உள்ள துளை வழியாக எலும்புச் சாற்றை ஊற்றுவார்கள். அது உறைந்து கறிக்கும் மாவுக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்பிவிடும். குளிர்ந்த பிறகுதான் சாப்பிடுவது.

மெல்டன் வகைக்கு இரண்டு அடையாளங்கள். முதலாவது, கறி உப்பு ஊறல் போடாத பச்சைக் கறி. அதனால் வெந்ததும் சாம்பல் நிறத்தில் இருக்கும். மற்ற போர்க் பைகளில் பெரும்பாலும் ஊறல் போட்ட கறி, அது இளஞ்சிவப்பாக இருக்கும். இரண்டாவது, வேகும்போது அச்சு வளையம் எதுவும் போடுவதில்லை. அதனால் பக்கங்கள் வயிறுபோல வெளியே பிதுங்கும்.

இது ஏன் அங்கே தோன்றியது என்பதற்குத் தெளிவான பொருளாதாரக் காரணம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியின் பொது நிலங்கள் வேலியிடப்பட்டு மேய்ச்சல் நிலங்களாயின. பசுக்கள் பெருகின, பால் பெருகியது, சீஸ் பெருகியது. சீஸ் செய்யும்போது மிஞ்சும் பால் தெளிவு பன்றிகளுக்கு நல்ல தீவனம். பன்றிகள் பெருகின. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பன்றி வெட்டும் பருவமும் வேட்டைப் பருவமும் ஒன்றாக வந்தன. கையில் எடுத்துப் போகவும், குதிரையில் போகும்போது சாப்பிடவும் பை வசதியாக இருந்தது. வேட்டைக்கு வந்த பணக்காரர்கள் ருசி கண்டு, லண்டனுக்குத் திரும்பிய பிறகும் கேட்டார்கள்.

1831-ல் எட்வர்ட் அட்காக் என்பவர் குதிரை வண்டி வழியாக லண்டனுக்குப் பை அனுப்பத் தொடங்கினார். 1846-ல் ரயில் வந்தது. அதன் பிறகு இது ஊர்ப் பண்டமாக இல்லாமல் தொழிலாகவே மாறியது. 1851 முதல் நடந்துவரும் டிக்கின்சன் அண்ட் மோரிஸ் கடை இன்றும் நகர மையத்தில் இருக்கிறது.

பண்டம் தூரம் போனால் பெயரும் தூரம் போகும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெல்டனிலிருந்து வெகு தொலைவில் உள்ள பெரிய தொழிற்சாலைகளில் "மெல்டன் மோப்ரே போர்க் பை" தயாராகி, சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் நிறைந்தது. அவற்றில் சில ஊறல் போட்ட கறியில் செய்தவை. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. 1998-ல் உள்ளூர் உற்பத்தியாளர்கள் ஒரு சங்கம் அமைத்து, பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்க முடிவு செய்தார்கள்.

சட்டம்: மூன்று வகைப் பாதுகாப்பு

நாம் பொதுவாகப் "புவிசார் குறியீடு" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இந்தியாவின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரே வகைதான் இருப்பதால் அந்தப் பழக்கம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1992-ல் கொண்டுவந்த முறையோ உணவுப் பெயர்களை மூன்றாகப் பிரித்தது. இந்தப் பிரிவு புரியாமல் வழக்கு புரியாது.

1. பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர். மூலப்பொருள், தயாரிப்பு, பக்குவம் எல்லாமே குறிப்பிட்ட வட்டாரத்தோடு கட்டுண்டவை. மூன்றில் இதுதான் மிகக் கடுமையானது. ஸ்டில்டன் சீஸ் இந்த வகை.

2. பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடு. தயாரிப்பில் ஏதாவது ஒரு கட்டமாவது அந்த வட்டாரத்தில் நடக்க வேண்டும். பண்டத்தின் தரமோ புகழோ அந்த இடத்தைச் சார்ந்து இருக்க வேண்டும். மூலப்பொருள் எங்கிருந்தும் வரலாம். மெல்டன் மோப்ரே போர்க் பை இந்த வகை.

3. பாரம்பரியச் சிறப்பு உத்தரவாதம். இங்கே இடம் முக்கியமில்லை, செய்முறைதான் முக்கியம். செய்முறையைப் பின்பற்றினால் எங்கிருந்தும் செய்யலாம்.

இது வணிக முத்திரை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முத்திரைக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவர் அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்கலாம். புவிசார் பெயருக்கு அப்படி யாரும் சொந்தக்காரர் இல்லை. எல்லைக்குள் இருந்து, எழுதிவைத்த செய்முறைப்படி, சோதனைக்கு உட்பட்டுச் செய்யும் எவரும் அதைப் பயன்படுத்தலாம். சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

எல்லைக்கு வெளியே இருப்பவர் "மெல்டன் மோப்ரே பாணி", "மெல்டன் மோப்ரே வகை" என்று எழுதி, உண்மையில் செய்த இடத்தையும் கீழே குறிப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. "பாணி", "வகை", "முறை" போன்ற ஒட்டுகளையும் சட்டம் தடுக்கிறது. பாதுகாப்பின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வழக்கு: பெயர் சொல்லும் இடமும் எல்லையும் ஒன்றா?

சங்கத்தின் விண்ணப்பத்தை பிரிட்டிஷ் அரசு ஏற்று ஐரோப்பிய ஆணையத்துக்கு அனுப்ப முடிவு செய்தது. நார்தர்ன் ஃபுட்ஸ் என்ற பெரிய உணவு நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. அதன் பைகள் ஷ்ரோப்‌ஷயரில் உள்ள மார்க்கெட் டிரேட்டனிலும், வில்ட்‌ஷயரில் உள்ள டிரோபிரிட்ஜிலும் தயாராயின. அதாவது, ஒரு சந்தை நகரத்தின் பெயர் தாங்கிய பண்டம் இன்னொரு சந்தை நகரத்தில் தயாரானது. பாதுகாப்பு வந்தால் அந்தப் பெயரை விட வேண்டியிருக்கும்.

நிறுவனத்தின் வாதம் லேசில் தள்ளிவிடக்கூடியது இல்லை. சங்கம் கேட்ட எல்லை மெல்டன் நகரம் மட்டும் அல்ல. மேற்கே எம்1 நெடுஞ்சாலை, கிழக்கே ஏ1, வடக்கே ஏ52, தெற்கே ஏ45-ம் ஏ605-ம் என்று சாலைகளை வைத்து வரைந்த பெரிய வட்டாரம். லெஸ்டரும் நாட்டிங்காமும் அதற்குள் வந்துவிடுகின்றன. "மெல்டன் என்ற இடத்தில் தோன்றியது என்று சொல்லிப் பாதுகாப்புக் கேட்கிறீர்கள். ஆனால் எல்லையோ மெல்டனைவிடப் பல மடங்கு பெரியது. நாட்டிங்காமில் செய்தால் மெல்டன், டிரோபிரிட்ஜில் செய்தால் மெல்டன் இல்லையா?" இதுதான் அவர்களின் வாதத்தின் சாரம்.

சங்கத்தின் பதில் வரலாற்றிலிருந்து வந்தது. இந்த வகைப் பை ஒரே நகரத்தில் மட்டும் செய்யப்படவில்லை, சுற்றியுள்ள பகுதிகளிலும் தொடக்கக் காலம் முதலே செய்யப்பட்டது, அந்தப் பகுதியின் மிகத் தெரிந்த சந்தை நகரத்தின் பெயரே அதற்கு நிலைத்தது என்றார்கள்.

2005 டிசம்பரில் உயர் நீதிமன்றம் நார்தர்ன் ஃபுட்ஸின் மனுவைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-ல் கேள்வியை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது: பாதுகாப்பு எல்லை, பெயர் குறிக்கும் இடத்தைவிடப் பெரிதாக இருக்கலாமா? எந்த அளவுகோலை வைத்து எல்லை வரைவது? அதே ஆண்டில் நார்தர்ன் ஃபுட்ஸ் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு இந்த வழக்கில் பதில் சொல்லவே இல்லை. விண்ணப்பம் மேலே போய், 2009-க்குள் பதிவும் முடிந்தது. டிரோபிரிட்ஜ் தொழிற்சாலை 2008-ல் மூடப்பட்டது.

என் பார்வையில் சங்கம் வென்றது நியாயம். துணியின் விஷயத்தில் "மெல்டன்" என்றால் வாங்குபவர் ஊரை நினைப்பதில்லை, துணியின் தன்மையைத்தான் நினைக்கிறார். பை விஷயத்தில் அந்தப் பெயரின் விலையே ஊரிலிருந்துதான் வந்தது. அதற்காகத்தான் அதிகப் பணம் கொடுத்தார்கள். ஆனாலும் நெடுஞ்சாலையை எல்லையாக வைத்ததில் ஒரு செயற்கைத்தனம் இருப்பதை மறுக்க முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் பை செய்தவர்களுக்கு எம்1 தெரியாது. லெஸ்டரில் உள்ள பெரிய தொழிற்சாலைகள் உள்ளே வருகின்றன, சாலைக்கு மறுபக்கம் உள்ள சிறிய கடை வெளியே நிற்கிறது. எல்லை என்று ஒன்றை வரைந்தே ஆக வேண்டும் என்பதால் இதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோடு தொழில் வசதிக்காக வரைந்தது, மண்ணின் தன்மை அங்கே மாறுவதால் இல்லை.

ஸ்டில்டன்: பெயருள்ள ஊரே வெளியே

பெயரும் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மெல்டனின் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டில்டன் சீஸ் லெஸ்டர்‌ஷயர், நாட்டிங்காம்‌ஷயர், டெர்பி‌ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே செய்யலாம். ஸ்டில்டன் என்ற கிராமம் இருப்பதோ கேம்பிரிட்ஜ்‌ஷயரில். ஆக, ஸ்டில்டனில் ஸ்டில்டன் செய்யக் கூடாது.

18-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில் வண்டிகள் நின்று போகும் ஊர் ஸ்டில்டன். அங்கே பெல் என்ற விடுதியை நடத்திய கூப்பர் தார்ன்ஹில், மெல்டன் அருகே செய்த சீஸை வாங்கி வண்டிப் பயணிகளுக்கு விற்றார். பயணிகள் வாங்கிய இடத்தின் பெயரையே சீஸுக்கு வைத்துவிட்டார்கள். செய்த இடத்தின் பெயரில் விற்றிருந்தால் இன்று அதற்கும் மெல்டன் என்றே பெயர் இருந்திருக்கும்.

ஸ்டில்டனைக் காய்ச்சிப் பதப்படுத்திய பாலில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. 2006-ல் பச்சைப் பாலில் அதே மாதிரி சீஸ் செய்யத் தொடங்கியவர்கள், எல்லைக்குள் இருந்தும், அந்தப் பெயரை எழுத முடியவில்லை. அதனால் கிராமத்தின் பழைய பெயர் வடிவத்தை எடுத்து "ஸ்டிச்செல்டன்" என்று வைத்தார்கள்.

எதிர் முனையில் செடார். சோமர்செட்டில் உள்ள ஓர் ஊரின் பெயர். உலகம் முழுவதும் எந்த ஆலையும் அந்தப் பெயரில் சீஸ் செய்யலாம், ஏனென்றால் யாரும் தடுக்க நினைப்பதற்கு முன்பே அது பொதுச் சொல்லாகிவிட்டது. "வெஸ்ட் கன்ட்ரி ஃபார்ம்ஹவுஸ் செடார்" போன்ற நீண்ட பெயர்களை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

இனி செய்தியிலோ உறையிலோ பார்த்தால்

1. "மெல்டன் மோப்ரே" என்று மட்டும் இருந்தால்: நகரம்.

2. "மெல்டன் மோப்ரே போர்க் பை" என்று உறையில் இருந்தால்: எல்லைக்குள் செய்தது, ஊறல் போடாத கறி, அச்சில்லாமல் வெந்தது.

3. வெறும் "போர்க் பை": எங்கும் செய்திருக்கலாம், எந்த முறையிலும் செய்திருக்கலாம். தரம் குறைவு என்று பொருள் இல்லை.

4. ஆடையில் "மெல்டன்": துணி வகை மட்டும். ஊர் பற்றிய எந்த உறுதியும் இல்லை.

5. "வேல் ஆஃப் மோப்ரே": யார்க்‌ஷயரின் ஒரு பகுதி.

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகு

2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் தன் சொந்தப் பதிவேட்டை நடத்துகிறது, தனி முத்திரைச் சின்னமும் உண்டு. அதற்கு முன்பே பதிவான பெயர்கள் பிரிட்டனின் புதிய ஏட்டில் அப்படியே தொடர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அவற்றின் பாதுகாப்பு நீடிக்கிறது. வட அயர்லாந்தில் மட்டும் ஐரோப்பிய முறையே செல்லும்.

மற்ற நாடுகளில் அப்படித் தானாகப் பாதுகாப்பு வராது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துடைமை உடன்படிக்கை, மதுவகைகளுக்குக் கடுமையான பாதுகாப்பைத் தருகிறது. "பாணி", "வகை" என்ற ஒட்டுகளும் அங்கே செல்லாது. சீஸ், பை போன்றவற்றுக்கோ, வாங்குபவர் ஏமாறும்படி பெயர் வைக்கக் கூடாது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகள் இதையெல்லாம் பெரும்பாலும் வணிக முத்திரைச் சட்டத்தின் வழியாகவே கையாள்கின்றன. ஒவ்வொரு வர்த்தகப் பேச்சிலும் உணவுப் பெயர்களின் பட்டியல் ஏன் திரும்பத் திரும்ப மேசைக்கு வருகிறது என்பதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேசித்தான் அந்தப் பாதுகாப்பைப் பெற வேண்டும்.

உறையில் இந்தப் பெயரைப் பார்த்து, பன்றியும் அந்தப் பண்ணைகளிலேயே வளர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது வகைப் பாதுகாப்பு என்பதால், கறியும் மாவும் எங்கிருந்து வந்தாலும் சட்டம் கேட்பதில்லை. பால் தெளிவு குடித்து வளர்ந்த உள்ளூர்ப் பன்றியால் பிறந்த பண்டத்துக்கு, இன்று உள்ளூர்ப் பன்றி கட்டாயமில்லை. அது வேண்டும் என்பவர்கள், சில சிறிய கடைகள் தாங்களாகவே எழுதும் பண்ணை விவரத்தைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டியதுதான்.